தங்கூசி சுற்ற ஒரு பலகை செய்யுங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை எனக்கு ஒரு பலகையில் நேராகத் துளை போடத் தெரியாது. பொறியியலில் முதுமாணிப் பட்டம் இருக்கிறது, பத்து வருடத்துக்கு மேலாக ஐ.ரி. ஆலோசகர் வேலை பார்க்கிறேன். ஆனால் எட்டு மில்லிமீற்றர் துளை ஒன்று போடு என்றால் கை நடுங்கும். வீட்டில் ஏதாவது ஆட்டம் கண்டால் அப்பா திருத்துவார், இல்லாவிட்டால் ஆள் கூப்பிடுவோம். நான் மேல்மாடியில் படித்துக்கொண்டிருப்பேன். "அவனைக் கூப்பிடாதேங்கோ, சோதனை வருது" என்று அம்மா சொல்வா. எப்போதும் ஏதாவது ஒரு சோதனை வந்துகொண்டுதான் இருந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் இப்போது அந்த மேல்மாடியில் இருக்கிறீர்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், மற்ற நாட்களில் ரியூஷன், நடுவில் ரோபோற்றிக்ஸ் வகுப்பு. அந்த வகுப்பில் பெட்டிக்குள் வந்த துண்டுகளைப் பூட்டி ஒரு வண்டியை ஓட விட்டிருப்பீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் துண்டுகளில் துளையெல்லாம் வேறு யாரோ ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு ஒரு சின்ன விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கப்போகிறேன். நீங்கள் தூண்டில் போடுகிற ஆள் என்றால், ரீலுக்கு நூல் சுற்றுகிற கருவியைக் கடையில் வாங்காதீர்கள். நீங்களே செய்யுங்கள்.

நூல் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அதற்குத் தங்கூசி என்றுதான் பெயர். நைலோன் தூண்டில் நூலை வடக்கில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா சின்ன வயதில் பருத்தித்துறையில் ஒரு போத்தலில் தங்கூசியைச் சுற்றிக் கையாலேயே எறிந்து மீன் பிடித்தவர். அவருக்கு ரீல், கோல் எல்லாம் அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகுதான்.

நான் பிடிவாதம் பிடிக்க ஒரு காரணம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அக்காவின் மகனையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு த என்ட்ரன்ஸுக்குப் போனோம். முதல் நாள் இரவுதான் புதுத் தங்கூசி சுற்றினேன். 150 மீற்றர், நாலு கிலோ தாங்கும். மருமகனிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, நூற்கட்டையை அதில் கோத்துப் பிடிக்கச் சொன்னேன். கடையில் நூலைச் சுற்றி விற்கிற பிளாஸ்ரிக் வட்டைத்தான் நூற்கட்டை என்கிறேன். அவன் ஐந்து நிமிடம் பிடித்தான். பிறகு அலுத்துப்போய்க் கட்டையைக் கார்ப்பெற்றில் படுக்க வைத்துவிட்டு ரீவி பார்க்கப் போனான். நானும் கவலைப்படவில்லை. ரீல் சுற்றிக்கொண்டிருந்தது, நூல் வந்துகொண்டிருந்தது, எனக்குத் தேவையானது அவ்வளவுதான்.

அடுத்த நாள் மூன்றாவது எறியிலேயே நூல் சுருள் சுருளாகக் குதித்து வெளியே வந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு குருவிக்கூடு. பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு மீற்றரை வெட்டி, பிறகு எடுக்கலாம் என்று செருப்புக்குக் கீழே வைத்தேன். காற்று அடித்தது. குனிந்து பார்த்தபோது செருப்பு மட்டும்தான் இருந்தது.

த என்ட்ரன்ஸுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அது பெலிக்கன்களின் ஊர். கரையோரப் பூங்காவில் அவற்றைப் பார்க்கவென்றே ஆட்கள் கூடுவார்கள். அன்று பின்னேரம் காருக்குத் திரும்பி வரும்போது ஒரு பெலிக்கன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. காலில் தங்கூசி சுற்றியிருந்தது. கால் வீங்கியிருந்ததால் அது நாட்பட்ட நூலாகத்தான் இருக்கும். எனக்கு அது தெரிந்தது. மருமகனுக்குத் தெரியாது. "மாமா, அது எங்கடையோ?" என்று கேட்டான். நான் போனை எடுத்து வனவிலங்கு மீட்பு ஆட்களுக்கு அடித்தேன். அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. எங்களுடைய பன்னிரண்டு மீற்றர் அந்த நேரத்தில் எங்கே மிதந்துகொண்டிருந்தது?

ஹோம்புஷில் இருந்துகொண்டு ஏன் அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஹோம்புஷ் பே இருக்கிறதே! இருக்கிறது. ஆனால் அங்கே தூண்டில் போடத் தடை. ரோட்ஸ் கரையில், இப்போது அடுக்குமாடிகள் நிற்கிற இடத்தில், 1928இல் டிம்ப்ரோல் என்ற இரசாயன நிறுவனம் வந்தது. 1957இல் யூனியன் கார்பைட் அதை வாங்கியது. ஆம், போபால் என்ற பெயரோடு நாங்கள் கேள்விப்பட்ட அதே யூனியன் கார்பைட்தான். வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஒரேஞ்சின் ஒரு பாகமான 2,4,5-ரி என்ற களைகொல்லியும் இங்கே தயாரானது. அதைச் செய்யும்போது கூடவே டயொக்சின் உண்டாகும். அது குடாவின் சேற்றுக்குள் போய்த் தங்கியது. தொழிற்சாலை 1980களின் நடுவில் நின்றுவிட்டது, டயொக்சின் நிற்கவில்லை. 2006இல் சிட்னித் துறைமுகம் முழுவதிலும் வணிக மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். ஹாபர் பிரிட்ஜுக்கு மேற்கே பிடிக்கிற எந்த மீனையும் சாப்பிட வேண்டாம் என்பது இன்றைக்கும் அரசாங்கத்தின் அறிவுரை. பரமற்றா ஆற்றில் பிடித்துவிட்டுத் திரும்ப விடலாம். அப்பாவுக்கு அது ஒத்துவராது. "தின்னாத மீனுக்கு ஏன் தூண்டில் போடுறாய்?" என்பார். ஆகவே மைல் கணக்காக ஓடுகிறோம்.

சரி, என் நூல் ஏன் குருவிக்கூடானது? இதை எழுத்தில் விளக்குவதை விட நீங்களே செய்து பார்ப்பது நல்லது. பிறந்தநாள் பரிசு கட்டுகிற பட்டை நாடா ஒரு உருளை எடுங்கள். தங்கூசி உருண்டையானது, முறுக்கு ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. நாடா தட்டையானது, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் உருளைக்குள் பென்சிலைக் கோத்து நாடாவை இழுங்கள். உருளை சுழலும், நாடா தட்டையாகவே வரும். அடுத்ததாக உருளையை மேசையில் படுக்க வைத்து நாடாவை மேல் நோக்கி இழுங்கள். உருளை அசையாது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நாடாவில் ஒரு முறுக்கு விழும். மூன்றாவதாக ஒரு போத்தலை அசையாமல் நிறுத்தி, கையால் நாடாவை அதைச் சுற்றிச் சுற்றிப் போடுங்கள். சுற்றச் சுற்ற, மிச்ச நாடாவில் முறுக்கு ஏறுவதைப் பார்ப்பீர்கள். இப்போது போத்தலின் வாய்ப்பக்கமாக அந்தச் சுற்றுகளை உருவி இழுங்கள். ஏறிய முறுக்கு ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

நாங்கள் பாவிக்கிற ஸ்பின்னிங் ரீல் அந்த மூன்றாவது போத்தல்தான். அதில் நூல் இருக்கிற ஸ்பூல் சுற்றாது. ஒரு வளைந்த கம்பி அதைச் சுற்றி ஓடி நூலைப் போடும். சுற்றும்போது ஏறுகிற முறுக்கு எறியும்போது இறங்கிவிடும். வரவும் செலவும் சரி. இந்தக் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, நூல் கட்டையிலிருந்து முறுக்கு இல்லாமல் வர வேண்டும். அதாவது கட்டை அச்சில் சுழல வேண்டும். மருமகன் பென்சிலைப் பிடித்திருந்தவரை நாங்கள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தோம். கார்ப்பெற்றில் படுக்க வைத்த நிமிடத்திலிருந்து கணக்கு பிழைத்தது.

இந்த இடத்தில் மீன்பிடிக்கிறவர்கள் எனக்கு அடிக்க வருவார்கள். கட்டையைத் தரையில் படுக்க வைத்து, லேபல் பக்கம் மேலே இருக்கும்படி சுற்று, ரீல் ஏற்றுகிற முறுக்கைக் கட்டையின் முறுக்கு வெட்டிவிடும் என்பது பலர் சொல்கிற முறை. எத்தனையோ பேர் அப்படிச் சுற்றி மீனும் பிடிக்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஸ்பூலின் சராசரி விட்டம் 45 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் நூல் போகும். 150 மீற்றருக்கு ஆயிரத்து அறுபது சுற்று. நூற்கட்டையின் விட்டம் 90 மில்லிமீற்றர், அதாவது இரண்டு மடங்கு. அப்படியென்றால் அதிலிருந்து வருகிற முறுக்கு ஐந்நூற்று முப்பதுதான். திசை சரியாக இருந்தாலும் பாதிதான் வெட்டுப்படும். திசை பிழைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். லேபலை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று எல்லாத் தொழிற்சாலைகளும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகவும் நான் கேள்விப்படவில்லை.

இந்த நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 1920இல் பிரிஸ்பேனில் சார்ள்ஸ் ஆல்வி தொடங்கிய நிறுவனத்தின் ரீலைக் கடற்கரையில் வயதானவர்களின் கையில் பார்த்திருப்பீர்கள். பெரிய வட்டமாக, சைக்கிள் சில்லு மாதிரி இருக்கும். நூலை இழுக்கும்போது அது சில்லு போலச் சுழலும், முறுக்கு ஏறாது. எறியும்போது அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவார்கள், நூல் விளிம்பால் உருவிப் போகும், ஒவ்வொரு எறிக்கும் முறுக்கு விழும். வரவு மட்டும்தான், செலவு இல்லை. அதனால் ஆல்வி பாவிக்கிறவர்கள் நூலின் நுனிப் பக்கம் சுழலி இல்லாமல் எறிய மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் கணினியில் படம் போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பட்ட நூல் சுத்துறது உனக்குத் தெரியாதே?" என்று கேட்டார். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டியின் வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், அந்தப் பக்கத்துப் பெடியள் எல்லோரும் பட்டம் ஏற்றியவர்கள்தான். பட்டத்தை இறக்கும்போது நூலை ஒரு தடியில் வட்டமாகச் சுற்றினால் அடுத்த நாள் சிக்குப்படும். அதனால் எட்டுப் போட்டுச் சுற்றுவார்களாம். அப்பா ஒரு பென்சிலையும் நாடாவையும் எடுத்துச் செய்து காட்டினார். எட்டின் ஒரு பக்கத்தில் ஏறுகிற முறுக்கு மற்றப் பக்கத்தில் இறங்குகிறது. நான் இரண்டு இரவு இருந்து கண்டுபிடித்ததை அவர் பத்து வயதில் கையால் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஆனால் ஏன் அப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்கு ஏன் என்பது தெரியும், கைதான் வரவில்லை. எங்கள் இரண்டு பேரில் யார் குறை கூடியவர் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

இனிப் பலகை. நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் உங்களிடம் இருப்பதை வைத்து மாற்றுங்கள். ஒரு மீற்றர் நீளப் பைன் பலகை. ஒரு முனையில் இரண்டு சிறிய மரக்கட்டைகளை நிமிர்த்தி நிறுத்தி, அவற்றுக்குக் குறுக்கே எட்டு மில்லிமீற்றர் மரைக்கம்பி ஒன்று. முழு நீளத்துக்கும் மரை வெட்டிய கம்பி, பன்னிங்ஸில் கிடைக்கும். அந்தக் கம்பியில் நூற்கட்டை சுழல வேண்டும். கட்டையின் ஓட்டை பெரிது, கம்பி சிறிது, நடுவில் ஏதாவது வேண்டும். பழைய ஸ்கேற்போர்ட் சில்லுக்குள் இருக்கிற பெயரிங்கைக் கழற்றினேன். 608 என்று அதன் மேலே எழுதியிருக்கும். உள் விட்டம் எட்டு, வெளி விட்டம் 22 மில்லிமீற்றர். கம்பியில் அளவாக உட்காரும். கட்டையின் ஓட்டைக்குள் அது ஆடினால் வெளியே கொஞ்சம் ரேப் சுற்றினால் போதும்.

பலகையின் மற்ற முனையில் ரீல். அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். கோலின் அடிப்பாதியில் ரீலைப் பூட்டி, அந்தப் பாதியைப் பலகையில் இரண்டு வார்ப்பட்டையால் கட்டுங்கள். நூல் கோலின் முதல் வளையத்தால் நுழைந்து ரீலுக்கு வரட்டும். கட்டைக்கும் ரீலுக்கும் நடுவில் நூலுக்கு இடம் வேண்டும், அதற்குத்தான் அந்த ஒரு மீற்றர்.

என் முதல் பலகை வெடித்தது. ஆணியைப் பலகையின் முனைக்கு மிகக் கிட்ட அடித்துவிட்டேன், முன்துளையும் போடவில்லை. இரண்டாவதில் இரண்டு நிமிர்கட்டைகளின் துளைகளும் நேருக்கு நேராக இல்லை, கம்பி சாய்ந்து நின்றது, கட்டை சுழலும்போது நொண்டியது. அப்பா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது தடவை, "ரெண்டு கட்டையையும் சேர்த்துக் கட்டிப்போட்டு ஒரே அடியாத் துளை போடன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். சேர்த்துக் கட்டித் துளைத்தால் துளைகள் நேராகத்தான் இருக்கும். இதை எந்த விரிவுரையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் சோதனைக்குப் பிறகு மறந்திருப்பேன்.

இப்போது மிக முக்கியமான பகுதி, இறுக்கம். நூல் தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதையும், எறியும்போது கொத்தாக வரும். அதனால் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு இறுக்கம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். விரலால் நூலைப் பிடித்தால் முதல் நிமிடம் ஒரு இறுக்கம், ஐந்தாவது நிமிடம் இன்னொரு இறுக்கம், விரல் சுடத் தொடங்கியதும் இறுக்கமே இல்லை. பிறேக்கை நூலில் போடக்கூடாது, அச்சில் போட வேண்டும். கதிரைக் காலுக்குக் கீழே ஒட்டுகிற கம்பளி வட்டம் ஒன்றை நூற்கட்டையின் பக்கவாட்டில் வைத்து, ஒரு சுருள் வில்லும் காது வைத்த நட்டும் போட்டேன். நட்டைத் திருகினால் பிறேக் இறுகும். பேனா வில் காணாது, கொஞ்சம் தடித்த வில் தேவை.

எவ்வளவு இறுக்கம் என்று அளக்க எங்கள் எல்லோர் வீட்டிலும் கருவி இருக்கிறது. கொழும்புக்குப் போகும்போது சூட்கேஸ் முப்பது கிலோவைத் தாண்டுகிறதா என்று தூக்கிப் பார்க்கிற தராசு! நூல் நுனியை அதில் கட்டி மெல்ல இழுங்கள். கட்டை சுழலத் தொடங்குகிற நேரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். நாலு கிலோத் தங்கூசிக்கு நான் அரைக் கிலோவில் வைக்கிறேன்.

நைலோனை இன்னும் இறுக்கினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், அதனால் ஒரு ஸ்பூலை உடைத்தேன். நைலோன் இழுபடும். இழுபட்ட நிலையில் ஸ்பூலில் சுற்றினால் அது சுருங்கப் பார்க்கும், ஸ்பூலை நசுக்கும். ஒரு சுற்று நூல் ஒரு கிலோ இழுவையில் இருந்தால் ஸ்பூலைக் குறுக்காக இரண்டு கிலோ விசையோடு அழுத்துகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பக்கம். ஆயிரத்து அறுபது சுற்றுக்கு இரண்டாயிரத்து நூற்றிருபது கிலோ. ஒரு காரை விடக் கூட! உண்மையில் மேலே சுற்றுப் போடப்போடக் கீழே இருக்கிற சுற்றுகள் தளர்வதால் அவ்வளவு வராது. இது மேல் எல்லை. ஆனால் அதில் ஒரு பங்கு போதும், மலிவான பிளாஸ்ரிக் ஸ்பூலில் வெடிப்பு விழ.

இன்னொன்றும் நான் முதலில் கவனிக்கவில்லை. சுற்றச் சுற்ற நூற்கட்டையில் நூல் குறைந்து அதன் ஆரை சிறிதாகும். பிறேக் அதே பிறேக்தான், ஆனால் ஆரை குறைந்தால் நூலின் இறுக்கம் கூடும். நடுவில் நிறுத்தித் தராசால் திரும்ப அளந்தபோது அரைக் கிலோ முக்கால் கிலோவாக ஏறியிருந்தது. நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். பள்ளிக்கூடத்தில் திருப்புதிறன் பாடம் வரும். அது வரும்போது இந்தப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைய நிறுத்துங்கள். அதற்கு மேல் போட்டால் நூல் தானாக வழியும், நன்றாகக் குறைத்தால் தூரம் போகாது. பின்னல் நூல் என்றால் வழுக்கும், வெறும் ஸ்பூலில் நேரே சுற்றினால் முழு நூலும் ஒரு வளையம் போலச் சுழலும். அடியில் சில மீற்றர் நைலோன் போட்டுவிட்டு அதன் மேல் முடிச்சுப் போடுங்கள்.

இந்த இடத்தில் என் தொழில் புத்தி வேலை செய்தது. எத்தனை மீற்றர் சுற்றுகிறேன் என்று எண்ண ஒரு காந்தம், ஒரு சென்சர், ஒரு சின்னத் திரை. பலகைக்கு முன்பே அதற்கான சாமான்கள் தபாலில் வந்துவிட்டன. இன்னும் உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ரீலின் கைபிடியை மின் ட்ரில்லால் சுற்றினால் ஒரு நிமிடத்தில் முடியுமே என்றும் யோசித்தேன், செய்தும் பார்த்தேன். ஸ்பூல் உடைந்தது அப்போதுதான். கையால் சுற்றினால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நூல் விரலுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சொரசொரப்பு, ஒரு வெட்டு, ஒரு முடிச்சு. ட்ரில்லுக்கு அது கேட்காது.

எதிர்க்கட்சிக்காரர் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நூல் வாங்கினால் சும்மாவே சுற்றித் தருகிற கடைகள் இருக்கின்றன. உண்மை, அவர்களின் இயந்திரம் என் பலகையை விட நன்றாகச் சுற்றும். ஒன்லைனில் வாங்கினால் இரண்டு நாளில் வந்துவிடும். அதுவும் உண்மை. மருமகனே கேட்டான். "மாமா, நீங்கள் பலகைக்கும் ஸ்பூலுக்கும் செலவழிச்ச காசுக்கு ஒண்டு வாங்கியிருக்கலாமே?" வாங்கியிருக்கலாம். மூன்று பலகை, ஒரு ஸ்பூல், ஒரு ட்ரில் ஊசி எல்லாம் சேர்த்தால் எனக்கு நட்டம்தான். காசு மிச்சம் பிடிக்கச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் சுற்றித் தந்த நூல் சிக்குப்பட்டால் நீங்கள் கடையைத் திட்டுவீர்கள், நூலைத் திட்டுவீர்கள், காற்றைத் திட்டுவீர்கள். நீங்களே சுற்றியது சிக்குப்பட்டால் எங்கே பிழை என்று தேடுவீர்கள். அன்றைக்கு நான் காற்றைத்தான் திட்டினேன்.

அம்மா அப்பாமாருக்கும் ஒன்று. இதை உங்கள் பிள்ளைகள் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். ட்ரில்லைத் தொடாதே, கை போகும் என்று எங்களை வளர்த்தீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு விளங்காமல் இல்லை. கையால் வேலை செய்து கஷ்டப்பட்டவர்கள் பிள்ளைகளின் கையைப் பொத்தி வைப்பார்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பலகையைக் கவ்வியால் மேசையோடு இறுக்கி, பக்கத்தில் நின்றுகொண்டு துளை போட விடுங்கள். இளையவர்களே, நீங்கள் கவ்வி இல்லாமல் கையால் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள், அம்மா சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி. தூண்டில் போடப் பதினெட்டு வயதுக்குக் கீழ் நியூ சவுத் வேல்ஸில் கட்டணம் இல்லை, ஆனால் அளவுக் கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. பிறீம் 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திரும்பத் தண்ணீருக்குள்.

என் பலகையில் கடைசியாக ஒன்று சேர்த்தேன். அகன்ற வாய் உள்ள ஒரு பழைய மாங்காய் ஊறுகாய்ப் போத்தல். சுற்றி முடித்து வெட்டுகிற துண்டுகள், ரீலில் இருந்து எடுத்த பழைய நூல், கரையில் பொறுக்குகிற மற்றவர்களின் நூல், எல்லாம் அதற்குள் போகும். மீன்பிடிக்கிற பல மேடைகளில் டாங்ளர் பின் என்று குழாய் வடிவத்தில் தொட்டிகள் பூட்டியிருக்கிறார்கள், அங்கே போடலாம். தொட்டி இல்லாவிட்டால் கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக வெட்டி மூடிய குப்பைக்குள் போடுங்கள். நீள நூலாகப் போடாதீர்கள், குப்பை மேட்டிலும் பறவைகள் மேயும். தங்கூசி இலகுவில் உக்காது. பத்துப் பன்னிரண்டு மீற்றர் உக்குவதற்கு உங்கள் ஆயுளும் காணாது, உங்கள் பிள்ளைகளின் ஆயுளும் காணாது.

போன மாதம் மருமகன் தன்னுடைய பலகையைச் செய்து முடித்தான். அம்மப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார், நான் கராஜுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று உத்தரவு. அவனுடையதில் நிமிர்கட்டை இல்லை. பலகைக்குப் பதிலாக உடைந்த ஸ்கேற்போர்ட்டையே எடுத்து, அதன் சில்லு அச்சிலேயே நூற்கட்டையைப் பூட்டியிருக்கிறான். பெயரிங் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. நான் அதைக் கழற்றி, கம்பி வாங்கி, துளை போட்டு, மூன்று பலகை பழுதாக்கி என் பலகைக்குக் கொண்டுவந்தேன். பிறேக்குக்கு மட்டும் இன்னும் வழி இல்லை. இப்போதைக்கு அம்மப்பா ஒரு பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு கட்டையின் விளிம்பைப் பிடிக்கிறார். தராசு வைத்துப் பார்த்தோம். நானூற்றெண்பது கிராம், கடைசி வரைக்கும் அதிகம் மாறவில்லை. கட்டை சிறிதாகச் சிறிதாக அவர் கை தானாகத் தளர்ந்துகொண்டு வந்தது.